பயணம் போகாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிப்டோ (பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணம்) நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். மாநாடுகளுக்காக அடிக்கடி வெளிநாடு போகவேண்டியிருக்கிறது. எங்கள் துறையினரைக் கடத்திச்செல்லும் செய்திகளைப் படித்துக் கலங்கிப்போயிருக்கிறேன். பயணத்தில் ஹார்டுவேர் வாலட்டை (கிரிப்டோ பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் சிறு கருவி) கையோடு எடுத்துச்செல்வதா, வீட்டில் வைத்துவிட்டுப் போவதா? மிரட்டினால் கொடுப்பதற்கென்று சிறுதொகை போட்ட போலி வாலட் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, அது உதவுமா? மனைவியிடம் இதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பயந்துவிடுவாள்.

(பெயர் நீக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை மட்டுமா நீக்கினேன்? நிறுவனம், அடுத்து போகப்போகும் நகரம், தங்கும் ஓட்டல், திரும்பும் தேதி என்று அனைத்தையும் எழுதியிருந்தீர்கள். முகம் தெரியாத ஒருவனுக்கு! கதை எழுதுகிறவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எடுத்துச்செல்லாதீர்கள். பெருந்தொகை எதுவும் நீங்கள் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டால் நகரும் நிலையில் இருக்கக்கூடாது. மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும் மல்டிசிக் ஏற்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கைச்செலவுக்கு வேண்டியது போனில் இருந்தால் போதும். போலி வாலட் வழிப்பறிக்காரனை ஏமாற்றலாம். உங்களைக் குறிவைத்து வருகிறவன் பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுக் கணக்கேடான பிளாக்செயினில் உங்கள் பண இருப்பைப் பார்த்துவிட்டே வந்திருக்கக்கூடும். அவனிடம் அது செல்லாது.

மாநாட்டு அரங்கை விட்டு வெளியே வந்ததும் கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். ஓர் ஓட்டல் லிஃப்டில் ஓர் இளைஞனைப் பார்த்தேன். மார்பில் பெயரும் நிறுவனமும் கொட்டை எழுத்தில் தொங்கின. மடிக்கணினி முழுக்க பிட்காயின் ஒட்டிகள். விரலிடுக்கில் அறை எண் எழுதிய சாவி உறை. உடன் வந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அத்தனை அடக்கமானவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை எழுதவைத்தது.

ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பாலாந்தை 2025 ஜனவரியில் கடத்தினார்கள். அவர் எந்த மாநாட்டுக்கும் போயிருக்கவில்லை. மத்திய பிரான்சில் இருந்த தன் வீட்டில் இருந்தார். அவருடைய துணைவியையும் சேர்த்துத் தூக்கிச்சென்று வேறோர் இடத்தில் அடைத்தார்கள். பாலாந்தின் விரலை வெட்டிவிட்டு, பணத்தை மற்றவர்களிடம் கேட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் ஒரு கிரிப்டோ தொழிலதிபரின் தந்தையைக் கடத்தி, அவருடைய விரலையும் வெட்டினார்கள். சில நாட்களுக்குள் அதே நகரத்தில், பட்டப்பகலில், பிட்காயின் பரிமாற்ற நிறுவனத் தலைவர் ஒருவரின் மகளை வேனுக்குள் இழுக்கப் பார்த்தார்கள். கணவர் அடிவாங்கிக்கொண்டும் பிடியை விடவில்லை. அக்கம்பக்கத்தவர் ஒருவர் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்தார். தந்தை, மகள், மருமகன். இவர்களிடம் என்ன சாவி இருந்தது?

2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் வீட்டு முகவரிகளும் இணையத்தில் கொட்டிக்கிடந்தன. முகவரி ஊரறிந்ததாகிவிட்ட பிறகு, "இந்த வாரம் நான் வெளிநாட்டில்" என்று மேடையில் நிற்கும் படத்தைப் போடுகிறீர்களே, வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்றும் சேர்த்தே அறிவிக்கிறீர்கள். ஊர் திரும்பிய பிறகு போட்டால் படம் கெட்டுவிடுமா?

என் அப்பா காசாளர். சம்பள நாட்களில் வங்கியிலிருந்து பணம் கொண்டுவருவார். எந்த நாள், எந்த வழி என்று அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டார். ஆனால் அந்த வேலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். யார் வந்து கேட்டாலும் அம்மா, "வெளியே போயிருக்கிறார்" என்பார், அவ்வளவுதான். எப்போது வருவார், எங்கே போனார், எதற்கும் பதில் கிடையாது. அம்மாவுக்குத் தலைக்கனம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா அதைப் பொருட்படுத்தவே இல்லை. "அப்பா அனுப்பினார்" என்று யாராவது வந்தால் கேட்பதற்கு எங்களுக்குள் ஒரு சொல் இருந்தது. அதைச் சொல்லத் தெரியாதவர் சித்தப்பாவாகவே இருந்தாலும் வாசலோடு சரி.

அம்மாவுக்குப் பயம் இருந்தது. ஆனால் எதற்குப் பயப்படவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. உங்கள் மனைவிக்கு அந்த வாய்ப்பைக்கூட நீங்கள் கொடுக்கவில்லை. "பயந்துவிடுவாள்" என்கிறீர்கள். பயப்படுவது யார், அவரா நீங்களா? இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதானே? சொல்லட்டுமே. கதவைத் திறக்கப்போகிறவர் அவர். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லையா?

கோபத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், பரவாயில்லை. எவ்வளவு பணம் என்று அவரிடம் சொல்லவேண்டாம். வாலட் தொலைந்தாலும் பணத்தைத் திரும்ப எடுக்க உதவும் மீட்புச் சொற்களைக் காட்டவே வேண்டாம். எதிர்பாராத பார்சலுக்குக் கதவு திறக்கவேண்டியதில்லை என்று சொல்லுங்கள். தொலைபேசியில் உங்கள் குரலே பணம் கேட்டாலும் நம்பவேண்டாம் என்று சொல்லுங்கள், குரலை இப்போது செயற்கை நுண்ணறிவு அப்படியே செய்துகொடுக்கிறது. உங்களுக்குள் ஒரு சொல்லை முடிவுசெய்யுங்கள், எங்கும் எழுதிவைக்காமல். பெற்றோரிடமும் இதையே பேசுங்கள்.

நீங்கள் பேச ஆரம்பித்ததும் அவர் கேட்கப்போவது, "ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?" என்றுதான். காவல்துறை என்று சொல்லி நிறுத்தினால் போதாது. இரவு இரண்டு மணிக்கும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று நாளைக் காலையில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால், ஏற்பாடு செய்யும்வரை அந்த மாநாட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்