ஆணியும் கடப்பாரையும்

கேள்வி: வீடு என் தாத்தா கட்டியது. வரி கட்டுவது நான். அதைப் 'பாரம்பரியக் கட்டடம்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டுமாம். இது சொத்தைப் பிடுங்குவதாகாதா? அவ்வளவு ஆசையென்றால் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டுமே!

பதில்: ஆணிக்காக யாரும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள். கடப்பாரையை எடுத்தால்தான் வருவார்கள்.

முதலில், எந்தப் பட்டியல் என்று விசாரியுங்கள். பெயர் ஏறிவிட்டாலே பூட்டுப் போட்டாயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1966 முதல் தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் பணமோ உரிமமோ சம்பந்தப்படாதவரை, அதில் உள்ள தன் கட்டடத்தை உரிமையாளர் இடிப்பதை அந்தப் பதிவேடு தடுக்காது. தடுப்பது அந்தந்த ஊரின் சட்டம். இங்கிலாந்தில் நிலைமை வேறு: பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பது குற்றம், உட்புறத்துக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

சரி, பிடுங்குவதா என்ற கேள்விக்கு வருவோம். 1910இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை நியூயார்க்கில் 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஊர் பதறியது; 1965இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நகரச் சட்டம் வந்தது. 1967இல் அதே ஊரின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் அந்தப் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதன் தலைமேல் 50 மாடிக்கும் அதிகமான கோபுரம் ஒன்றை எழுப்ப நினைத்த ரயில் கம்பெனிக்கு அனுமதி கிடைக்கவில்லை. நேராக நீதிமன்றம் போய், நீங்கள் கேட்டதையேதான் கேட்டது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கைவிரித்துவிட்டது. நிலையம் எப்போதும்போல் ஓடுகிறது, வருமானமும் பார்க்கலாம். மேலே கட்டியிருக்கக்கூடிய அளவைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது, பிறகெங்கே பிடுங்கல்? ஆசைப்பட்ட அத்தனை லாபமும் கிடைக்காமல் போவதும் சொத்து பறிபோவதும் ஒன்றல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அரசாங்க வக்கீல் ஆகிவிடுவேன். பட்டியலில் பெயரைப் போடுகிறவர்கள் ஒழுகும் கூரைக்குப் பெரும்பாலும் சல்லிக்காசு தருவதில்லை. இங்கிலாந்தில் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். பட்டியலில் உள்ள பழைய வீட்டைப் பழுது பார்த்தால் 20 சதவீதம்! பழசைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டு, காப்பாற்றுகிறவனிடமே வசூல். அமெரிக்காவில் அதே 20 சதவீதம் தலைகீழ்: வருமானம் தரும் பாரம்பரியக் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் அந்தச் செலவில் 20 சதவீதம் மத்திய அரசின் வரியில் கழியும். ஆனால் நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் அதுவும் கிடையாது. சண்டை போடுவதென்றால் இதற்குப் போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

அனுமதி கேட்பதில் ஒரு லாபமும் உண்டு. உங்கள் தாத்தா சுண்ணாம்புக் காரையில் கட்டியிருந்தால், அந்தச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல் உதிரும். விஷயம் தெரிந்த அதிகாரி இதைத்தான் முதலில் தடுப்பார். தெரியாத அதிகாரி வாய்த்தால் உங்கள் விதி.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. இடிக்கத்தானே அனுமதி வேண்டும்? கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றாமல் நாலு மழைக்காலம் விட்டால் போதும், 'ஆபத்தான கட்டடம்' என்று அரசே நோட்டீஸ் ஒட்டிவிடும். எந்தப் பட்டியலும் இதற்கு எளிதில் ஈடுகொடுப்பதில்லை. நீங்கள் அந்த ரகம் இல்லையென்று நம்புகிறேன்.

அப்புறம், அந்த நாலு போட்டோ. லண்டனில் 1920களின் தொடக்கத்தில் கட்டிய கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கூடத்தைப் பட்டியலில் சேர்க்க இருந்தார்கள். 2015 ஏப்ரலில், அதற்கு இரண்டே நாள் முன்னால், உரிமையாளர் தரப்பின் புல்டோசர் வந்து இடித்துத் தள்ளியது. இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டு என்று உள்ளூர் நிர்வாகம் உத்தரவு போட்டது. இடிப்பதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்த படங்களையும் விவரங்களையும் வைத்துக் கட்டி முடித்து, 2021இல் மறுபடி திறந்தார்கள். போட்டோ அங்கே பயன்பட்டது அதற்குத்தான்.