பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11-க்கு மாறலாமா?

விண்டோஸ் 10 நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஆதரவை நிறுத்திவிட்டார்கள், பழைய லேப்டாப்பை 11-க்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது நாலு ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க் இல்லாத பழைய ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மாற்றாதீர்கள். யாராவது இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

நான் அருப்புக்கோட்டையில் டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சடித்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. பக்கம் அமைக்க பேஜ்மேக்கர் 7 என்ற மென்பொருள், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு, ஒரு பழைய லேசர் பிரிண்டர். 2001-இல் வந்த அந்த 7-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. "இன்னுமா அதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்" என்று கேட்பவர்கள், இருபது வருஷ வேலைக் கோப்புகளை என் இடத்தில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் யூனிகோடுக்கு மாற்றிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், நாலு ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 10. கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவை ஃபார்மட் அடித்து விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார். அந்தப் பிராசஸருக்கு 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலே தொடங்குகிறது. சோதனையைத் தாண்ட ஒரு வழி உண்டு, அதில் போட்டிருக்கிறார். "டி டிரைவைத் தொடவே இல்லக்கா, எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்.

அன்று ராத்திரியே ஒரு துக்க வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். "அக்கா, விடியறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும்." அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார் மகன். கம்ப்யூட்டரைப் போட்டால் டெஸ்க்டாப் வரவே ஒரு யுகம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ஒரு நிரலும் திறக்காத நிலையில் டிஸ்க் 100 சதவீதம், ரேமில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. பின்னால் தானாக ஓடுபவைதான் காரணம்: தேடலுக்கு அட்டவணை போடுவது ஒன்று, வைரஸ் சோதனை ஒன்று, செய்தியும் வானிலையும் காட்டும் விட்ஜெட் ஒன்று. எனக்கு எதற்கு வானிலை?

ஒருவழியாகப் பேஜ்மேக்கரை மறுபடி ஏற்றி, டி டிரைவில் இருந்த பழைய அஞ்சலிக் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. சி டிரைவோடு எழுத்துருக்கள் எல்லாம் போய்விட்டன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் எழுத்துரு, அது இல்லாத இயந்திரத்தில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். அதைத்தான் அந்த மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிரிண்டரும் ஓடவில்லை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் இருக்கிறது, விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட்டில் அந்த டிரைவர் ஓடாது. நானே வண்டியை எடுத்துக்கொண்டு அவர்களை வேறு கடைக்குக் கூட்டிப்போனேன். அந்த வீட்டுக்காரர்கள் பரம்பரையாக எங்களிடம் அச்சடிப்பவர்கள்.

"பாதுகாப்பு முக்கியமில்லையா" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். முக்கியம்தான், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்கும் விட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்? 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச ரேம் 64 எம்பி. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது 64 மடங்கு. டிஸ்க் இடம் ஒன்றரை ஜிபியிலிருந்து 64 ஜிபிக்குப் போயிருக்கிறது. நான் அடிக்கும் பத்திரிகை அன்றும் இன்றும் அதே ஒரு பக்கம்தான். கம்ப்யூட்டர் வாங்குவது நம் வேலைக்கு. அதில் பாதியை இயங்குதளமே தின்றுவிட்டால் நாம் எதற்குக் காசு கொடுத்தோம்?

   

சரி, உங்கள் விஷயம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. ஆனால் இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸ் அமைப்புகளை (செட்டிங்ஸ்) உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் அதற்குப் பணம் கேட்பதில்லை. பிராசஸர் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்து, 11-தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள், ரேமை 8 ஆக்குங்கள். 10-இன் மேலேயே ஏற்றினால் பிடிக்காதபோது திரும்பிவர பத்து நாள் அவகாசம் உண்டு, ஃபார்மட் அடித்தால் அது கிடையாது. இணையமும் கடிதமும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நாலு ஜிபியில் தாராளமாக ஓடும்.

என் கம்ப்யூட்டரில் அக்கா மகன் எஸ்எஸ்டி மாட்டி, பழையபடி 32 பிட் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தான். டிடிபிக்கு மட்டும் அது, இணைய இணைப்பு கிடையாது. எழுத்துருக்களைப் பழக்கமான அச்சகக்காரர் ஒருவரிடம் வாங்கிக்கொண்டேன். எதைச் செய்தாலும் முதலில் உங்கள் எழுத்துருக்களையும் பிரிண்டர் டிரைவரையும் தனியாக ஒரு பென்டிரைவில் ஏற்றி வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, கேட்காமல் ஃபார்மட் அடிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.