பத்தியம் இருந்தால் முடக்குவாத மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் தையல் வேலை. இரண்டு வருடங்களாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வாரம் 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட் எடுத்து வந்தேன். சொந்தக்காரர் ஒருவர் மூலம் அறிமுகமானவர் 90 நாள் பத்தியமும் ஒரு பொடியும் கொடுத்திருக்கிறார். 18,000 ரூபாய் ஆனது. நான்கே நாளில் வலியும் வீக்கமும் போய்விட்டன. இப்போது ஐந்தாவது வாரம். நன்றாகப் பசிக்கிறது, முகமும் தெளிந்திருக்கிறது. மாத்திரையை அடியோடு விட்டால்தான் நோய் வேரோடு போகும் என்கிறார். இரண்டு வாரமாக விட்டுவிட்டேன். கோதுமை, பால், தக்காளி, கத்திரிக்காய், புளி எதுவும் கூடாதாம். இதைத் தொடரலாமா?

பதில்: மாத்திரையை விடக் கூடாது. ஆனால் அதைவிட அவசரம் அந்தப் பொடி.

முடக்குவாத வீக்கத்தை நான்கு நாளில் வற்ற வைக்கும் மூலிகை கிடையாது. மெத்தோட்ரெக்சேட்டுக்கே முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நான்கு நாளில் இப்படி வேலை செய்வது பெரும்பாலும் பொடியில் கலந்திருக்கும் ஸ்டீராய்டுதான். உங்களுடைய பசியும், முகம் தெளிந்ததும் அதையே காட்டுகின்றன. கண்ணாடியில் பாருங்கள்: கன்னம் உப்பி, தாடை எலும்பின் கோடு மறைந்திருந்தால் அது ஆரோக்கியம் அல்ல, ஸ்டீராய்டு பூசிய முகம். பார்ப்பவர்கள் "சதை போட்டிருக்கியே, நல்லா இருக்கே" என்பார்கள். அதே நாட்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கும், எலும்பு மெலிந்துகொண்டிருக்கும்.

இதைப் படித்த கோபத்தில் பொடியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தினமும் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் அது தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக்கே பொட்டலத்தோடு உங்கள் மூட்டுவாத மருத்துவரிடம் போங்கள். அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலைக் காலை 8 மணிக்கு ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மெத்தோட்ரெக்சேட்டையும் மீண்டும் தொடங்குவார்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ, கடையில் விற்க வேண்டுமென்றால் உரிம எண், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி, சேர்மானங்கள், காலாவதித் தேதி எல்லாம் உறையில் இருந்தாக வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறையில் "காலை 1, இரவு 1" என்று பேனாவால் எழுதிக் கொடுப்பது எந்த வைத்தியமும் அல்ல. அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் முறையாகப் படித்த மருத்துவர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். நடுவில் கமிஷன் வாங்குகிறவரிடம் கேட்காதீர்கள்.

இந்த ஆட்கள் பிழைக்க வழிவிட்டது எங்கள் மருத்துவ அமைப்புதான். ஆயுள் முழுவதும் வரும் நோய்க்கு மூன்று நிமிடம் ஒதுக்குகிறோம். "என்ன சாப்பிடலாம் டாக்டர்?" என்றால் "எல்லாம் சாப்பிடுங்க" என்று சொல்லி அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவர்தான் பொடி விற்பவரிடம் போகிறார்.

அந்தப் பதில் இதுதான். உணவால் முடக்குவாதம் குணமாகாது; வீக்கமும் சோர்வும் ஓரளவு குறையும். வாரம் இரண்டு மூன்று முறை மத்தி, அயிலை, நெத்திலி போன்ற கொழுப்புள்ள மீனைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். பருப்பு, கீரை, காய், நிலக்கடலை தாராளமாக இருக்கட்டும். சீனி, மைதா, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் குறையட்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் வேண்டும். பாலையும் பருப்பையும் விட்டுவிட்டு கஞ்சியில் கிடந்தால் தசை கரையும், மூட்டுக்குத் தாங்கல் போய்விடும்.

தக்காளி, கத்திரிக்காய், புளி மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சந்தேகம் விடவில்லையா? ஒரே ஒரு பொருளை மூன்று வாரம் விடுங்கள். காலையில் விரல் இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று தினமும் குறியுங்கள். பிறகு மூன்று நாள் வழக்கமான அளவில் சாப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அது நிரபராதி. ஐந்தையும் ஒன்றாக விட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்குவதால் ஏமாறுவதும் சுலபம்.

கோதுமை விஷயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீலியாக் என்று ஒரு தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) உண்டு. அதில் கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் குடலை அரிக்கும். அங்கே உணவுதான் மருந்து. முடக்குவாதக்காரர் எல்லோருக்கும் அது இருக்காது. ஆனால் நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எத்தனை இரும்பு மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் 'டிடிஜி ஐஜிஏ' ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கோதுமையை விட்டபிறகு எடுத்தால் அது பொய்யாக இயல்பு என்று காட்டும். ஆகவே விட்டிருந்தால் ஆறு வாரம் தினமும் இரண்டு சப்பாத்தியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சீலியாக் உறுதியானால் சப்பாத்தியை மட்டும் விட்டால் போதாது: ரவை, சேமியா, மால்ட் பானம், பார்லி எல்லாம் போக வேண்டும். நம் வீடுகளில் தப்பிவிடுவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சோறு மட்டுமே சாப்பிடுகிறேன் என்பவர் சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அரிசி மாவு சேர்த்தது என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கும் எதையும் தொடாதீர்கள். உங்கள் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே உங்கள் மூட்டின் உள்சவ்வைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை. மஞ்சளிலிருந்து எடுத்து மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூல் வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது கல்லீரலைக் காப்பது முக்கியம்.

கைக்கு: காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் விரல்களை மூழ்க வைத்து, மெல்ல மூடித் திறங்கள். கத்தரிக்கோல் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை மிஷினிலிருந்து எடுங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தி நீவக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நடை. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் திரும்பத் தொடங்கும்போது எந்தக் கிழமை என்று மருந்துச் சீட்டில் தமிழில் எழுதி வாங்குங்கள். அது வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். கிறுக்கல் சீட்டைக் கடையில் தப்பாகப் படித்தாலே போதும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறொரு நாளில். வாய்ப்புண், காய்ச்சல், காரணமின்றி ரத்தக்கசிவு வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டரைப் பார்த்தால் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

குறைந்தது ஆறு மாதம் வீக்கமே இல்லாமல், அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் இயல்பாக இருந்தால், அளவைக் குறைக்கலாமா என்று அப்போது கேளுங்கள்.