திருந்துவதற்கு நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்?

அன்புள்ள அக்கா,

நெத்திலிக் கருவாடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நான் பத்து மாதமாக நனிசைவம் (வீகன்). இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய்யையும் விட்டுவிட்டேன். கோழிப்பண்ணை வீடியோ ஒன்றைப் பார்த்த அன்று எடுத்த முடிவு.

எங்கள் வீடு ராயபுரத்தில். அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையில் மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது என் தட்டைப் பார்த்து, "என் கைச்சோறு உனக்கு நாறுதா?" என்று கேட்கிறார். போன வாரம் பெருங்குடியில், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் என் டப்பாவைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, திருந்திட்டியே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

உயிரைக் கொன்று தின்பது தப்பா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள். இப்படியே சாப்பிட்டால் உடம்பு தாங்குமா? அப்புறம், தெருவில் யாராவது கருவாடு வறுத்தால் எனக்கு இன்னும் வாய் ஊறுகிறது. அப்படியானால் என் முடிவு பொய்யா?

எஸ்., ராயபுரம்

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த "திருந்திட்டியே". உங்கள் கேள்விகளை விட அந்தச் சொல்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் மாம்பலம் பக்கம் வீடு தேடி அலைந்தோம். ஒரு வீடு பிடித்திருந்தது. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து, சாவி வாங்கும் நேரத்தில் வீட்டுக்கார அம்மா, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். கணவர் மறைக்காமல் சொன்னார். நீட்டிய சாவி அவர் கையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு ஆட்டின் மேல் இரக்கம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவருக்கு இருந்தது எங்கள் மேல் அருவருப்பு. இன்றும் சென்னையில் "சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்" என்று வீட்டு விளம்பரம் வருகிறது. 2014இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அவ்வளவு பேரின் சாப்பாட்டுக்கும் நம்மிடம் இருக்கும் பெயர், "சைவம் அல்லாதது" என்பதுதான். சைவச் சாப்பாட்டை ஈழத் தமிழர்கள் மரக்கறி என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அதில் மதமும் இல்லை, மேல் கீழும் இல்லை.

நம் ஊரில் புலால் மறுப்பு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று அருள். விலங்குக்கு வலிக்குமே என்ற எண்ணம். மற்றது தீட்டு. இன்னார் தின்பது அழுக்கு என்ற எண்ணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தட்டிலும் ஒரே சோறும் கீரையும்தான் இருக்கும். உங்கள் தட்டு முதல் வகை. பாராட்டியவர் அதை இரண்டாம் வகையாக எடுத்துக்கொண்டார். உங்கள் அம்மாவின் கூடையிலிருந்து நீங்கள் தப்பித்து வந்துவிட்டதாக நினைத்துத்தான் அவர் கை தட்டுகிறார். அதனால்தான் உங்களுக்கு வலித்திருக்கிறது. அந்த வலி நியாயமானது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது பால். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது திருவல்லிக்கேணியில் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறப்பார். மாட்டின் முன்னால் ஒரு கன்றை நிறுத்துவார். அது அசையாது. செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்தது. மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். ஏழு வயதில் என் பாட்டியிடம், "அந்தக் கன்னுக்குட்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். பாட்டி காபி ஆற்றுவதை நிறுத்தாமல், "போயிடுச்சு" என்றார்.

ஈன்றால்தான் மாடு பால் தரும். சினை ஊசி வந்த பிறகு காளைக்கு வேலை இல்லை. டிராக்டர் வந்த பிறகு எருதுக்கும் வேலை இல்லை. ஆகவே காளைக்கன்று வெறும் செலவு. கறவை நின்ற மாட்டுக்கு நம் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது, அடிமாடு. பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறி கேரளத்துக்கு லாரியில் போகிறது. அதன் தோல் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வந்து செருப்பாகிறது. பால் குடித்தவர் கை சுத்தம், கடைசியில் அந்த மாட்டின் கறியைத் தின்ற ஏழையின் கை அசுத்தம் என்பது எந்த ஊர்க் கணக்கு? 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் மரக்கறிக்காரர்களிடமிருந்து பிரிந்து "வீகன்" என்ற சொல்லை உண்டாக்கியதே இந்தப் பால் விஷயத்தில்தான். உங்கள் அலுவலக நண்பர் தயிர்சாதம் சாப்பிடுகிறவராக இருந்தால், விலங்குகளின் கணக்கில் அவர் நிற்கும் இடம் உங்கள் அம்மாவின் இடத்தை விட மேலே இல்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. தப்புதான், ஆனால் எல்லாம் ஒரே எடைத் தப்பு இல்லை என்று நினைக்கிறேன். கொல்வதை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த உயிரை நாம் வாழவைக்கும் விதம். சில வருஷங்களுக்கு முன்னால் பல்லடம் பக்கம் உறவினர் ஒருவர் பிராய்லர் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறும்படி உருவாக்கிய இனம் அது. பிறந்து ஒன்றரை மாதம் ஆகாத குஞ்சு, உடம்பின் எடையைக் கால் தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே கண் எரிந்தது. நான் கோழிக்குழம்புப் பிரியை. அன்றோடு பிராய்லரை விட்டேன். முட்டைக்கோழியின் நிலை இன்னும் மோசம். கூண்டுக்குள் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இருப்பதில்லை. முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். நாம் "முட்டைதானே, உயிர் இல்லையே" என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதை வெளிநாட்டு மோகம் என்று சொல்பவர்களுக்குத் திருக்குறளின் 26ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். தின்பதற்காக வாங்க ஆள் இல்லையென்றால் விலைக்கு ஊன் விற்பவனும் இருக்கமாட்டான் என்று வள்ளுவர் சந்தையை வைத்தே பேசுகிறார். கசாப்புக் கடைக்காரரை மட்டும் பாவி ஆக்கிவிட்டு வாங்குகிறவன் தப்பிக்க வழியே விடவில்லை. ஆனால் அதே கையோடு சங்க நூலான பொருநராற்றுப்படையையும் திறந்து பாருங்கள். இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத ஏர்க்கொழு போலப் பல் மழுங்கிப் போன பொருநன், பாடிப் பிழைக்கும் கலைஞன், அதில் இருக்கிறான். இரண்டும் நம்முடையவை. "தமிழர் மரபு" என்று சொல்லி யாரும் உங்கள் தட்டில் எதையும் வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

மீனுக்கு வலிக்காது என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். 2003இல் பிரிட்டனில் டிரவுட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு, அவற்றின் முகத்தில் வலியை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டியது. அதற்குப் பிறகும் நான் மீன் தின்கிறேன். கடலில் தன் இஷ்டத்துக்கு வாழ்ந்து வலையில் செத்த மீனுக்கும், வாழவே விடாமல் வளர்த்த கோழிக்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். சின்னப் படகுக்காரர்கள் கரைக்குக் கொண்டுவருவதையே பெரும்பாலும் வாங்குகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உள்ள 61 நாளில் மீன் கேட்டு யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மோரை என்னால் இன்னும் விட முடியவில்லை. அந்த வைக்கோல் கன்றை மறக்காமல்தான் குடிக்கிறேன். உங்களை விட நான் பின்தங்கி நிற்கும் இடம் அது.

ஒரே ஒரு இடத்தில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை தருகிறார்கள். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். அந்த முட்டை எந்தக் கூண்டிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். வீட்டில் வேறு புரதம் கிடைக்காத பிள்ளையின் தட்டிலிருந்து ஆரம்பிக்கும் அருள் எனக்கு வேண்டாம். கூண்டை மாற்றச் சொல்லி எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இப்போது உடம்பு. இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன்.

என் சித்தி ஆயுள் முழுக்க மரக்கறிக்காரர். அறுபது வயதில் பாதம் மரத்துப்போனது, நடை தள்ளாடியது, பெயர்கள் மறந்தன. "வயசாயிடுச்சு" என்றே எல்லோரும் சொன்னோம். பார்த்த மருத்துவமனையிலும் ரொம்ப நாள் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டதும் பல விஷயங்கள் திரும்பி வந்தன. பாதத்து மரப்பு முழுதாகத் திரும்பவே இல்லை.

பி12ஐச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. விலங்கின் உடம்பு வழியாக அது நமக்கு வந்துகொண்டிருந்தது. என் சித்திக்காவது தயிரில் கொஞ்சம் கிடைத்திருக்கும், நீங்கள் அதையும் விட்டுவிட்டீர்கள். தேவை என்னவோ ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஈரலில் வருஷக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் பத்து மாதத்தில் ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து. இன்னொன்று, நம் ஊர்க் கீரையில் ஃபோலேட் என்ற வைட்டமின் நிறைய. அது ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இட்லி மாவு புளிக்கிறது, அதில் பி12 வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரை பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான், உங்கள் கொள்கைக்கு விரோதம் இல்லை. கேப்சூல் என்றால் மட்டும் அதன் கூடு ஜெலட்டினா என்று பாருங்கள், அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. டாக்டரைப் பார்த்து அளவு கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் நம் சமையலிலேயே இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து, பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை, வேர்க்கடலை தினமும் ஏதாவது இருக்கட்டும். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து மெதுவாகத்தான் உடம்பில் சேரும், ஒரு எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதைக் கெடுத்துவிடும்.

மரக்கறி என்றாலே ஆரோக்கியம் என்பதும் சரியில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. நம் வீடுகளில் சைவத் தட்டிலும் அசைவத் தட்டிலும் வெள்ளைச் சோறுதான் மலைபோல இருக்கிறது. இறைச்சியிலும் எல்லாம் ஒன்றில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது. சாசேஜ், பேக்கன் வகையறா. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை "உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற அடுத்த படியில் வைத்தது. மீனை அந்த மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, வாய் ஊறுவது. அது பொய்யும் இல்லை, குற்றமும் இல்லை. கருவாட்டு வாசத்தில் உங்களுக்கு வருவது மீன் மட்டுமா? ஆடி மாதம், அம்மன் கோயில் கூழ், முருங்கைக்கீரை, ஈரக் கூடையோடு அம்மா வீட்டுக்குள் வரும் மத்தியானம், இத்தனையும் வருகிறது. அதை நாக்கிலிருந்து துடைத்தெறிய வேண்டும் என்று எந்த நனிசைவமும் கேட்கவில்லை. இறைச்சி மாதிரியே செய்து விற்கிறார்களே, அந்தப் பாக்கெட்டுகளுக்குக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

அம்மா விஷயத்தில் ஒன்று. அவர் விற்ற மீனில்தான் நீங்கள் படித்தீர்கள் என்று சொல்லி யாராவது உங்களைத் தின்ன வைக்கப் பார்த்தால் கேட்காதீர்கள். நன்றிக்காக யாரும் மீன் தின்ன வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்கு உங்கள் கொள்கை புரியாமல் இல்லை, அவருக்கு வேறு பயம். உங்கள் அலுவலகத்து மனிதர் சொன்னதையே நீங்களும் மனதுக்குள் சொல்கிறீர்களோ என்ற பயம். "நாறுதா?" என்ற கேள்வி அதுதான். அவரிடம் கோழியைப் பற்றிப் பேசுங்கள், கன்றைப் பற்றிப் பேசுங்கள். தெருத்தெருவாகக் கூடை சுமந்தவருக்கு உயிரின் கணக்கு நம்மை விட நன்றாகவே தெரியும்.

மீன் குழம்பின் ருசியில் பாதி மீனுடையதே இல்லை. மீன் வாடையைக் கட்டிப்போடத்தான் அவ்வளவு புளியும் மாங்காயும். வெந்தயம், மல்லி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம் எல்லாம் முதலில் கொதித்து, எண்ணெய் பிரிந்து, குழம்பு முழுதாகத் தயாரான பிறகுதான் மீன் உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை அம்மா குழம்பு வைக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். மாங்காய் வெந்ததும், மீனைப் போடுவதற்கு முன்னால், உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நேற்றுப் பொங்கிய சோற்றோடு பிசைந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா