கெடு முடியப் போகிறது, வீடு இன்னும் கைமாறவில்லை: என்ன செய்யலாம்?

திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனார் வாங்கிய பழைய வீட்டை விற்றுவிட்டுப் பெருமாள்புரத்தில் தனி வீடு வாங்க ஏற்பாடு. விற்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கி, அதே பணத்தை வாங்குகிற வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் வீட்டை வாங்குபவருக்கு வங்கிக் கடன் மூன்று மாதமாக இழுத்துக்கொண்டே போகிறது. பெருமாள்புரத்து வீட்டுக்காரரோ, ஆடி 10ஆம் தேதியோடு கெடு முடிகிறது, அதற்குள் கிரயம் ஆகாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்கிறார். மாமனார் உயில் எழுதி வைக்கவில்லை, மாமியாரும் இப்போது இல்லை. கணவரைத் தவிர ஒரு கொழுந்தனார் துபாயில், ஒரு நாத்தனார் மதுரையில். விற்பனை அக்ரிமெண்டில் கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "வங்கிக்காரர்களை எப்படி அவசரப்படுத்துவது? இந்த அட்வான்ஸ் போனால் நாங்கள் எழுந்திருக்க முடியாது" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் கோபமெல்லாம் வங்கி மேல் இருக்கிறது. ஆனால் தாமதம் உட்கார்ந்திருப்பது உங்கள் பத்திரக் கட்டில். உயில் இல்லாமல் தகப்பனார் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நாத்தனாருக்குக் கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதெல்லாம் குடும்பக் கணக்கு. வங்கி வக்கீலின் கணக்கில் மூன்று கையெழுத்து வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. அந்த இரண்டும் வராமல் எந்த மேலாளரைப் பார்த்தாலும் கோப்பு நகராது.

இன்றைக்கே வாங்குபவரைக் கூப்பிட்டு, வங்கி வக்கீல் பத்திரங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்த லீகல் ஒப்பீனியன், அதாவது சட்டக் கருத்து, அதன் நகலைக் கேளுங்கள். "லீகலில் நிற்கிறது" என்று வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்தான் பலருக்கு மாதங்கள் போகின்றன. அந்தத் தாளில் என்னென்ன ஆவணம் குறைகிறது என்று வரிசையாக இருக்கும். உங்களுக்கு அநேகமாக வாரிசுச் சான்றிதழ், மற்ற இருவரின் சம்மதம், நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் மாற்றம், இந்த மூன்றும் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கையோடு அதைக் கொண்டு பெயர் மாற்றத்துக்கும் மனு போட்டுவிடுங்கள்.

டவுன் வீடு என்பதால் இன்னொன்றும் வரக்கூடும். டவுனில் வளவுகளுக்குள்ளும் (ஒரே வாசலுக்குள் பல வீடுகள்) முடுக்குகளுக்குள்ளும் (குறுகிய சந்துகள்) இருக்கிற வீடுகளின் பழைய பத்திரங்களில் நான்கெல்லை இப்படித்தான் இருக்கும்: வடக்கே இன்னார் வீட்டுப் பொதுச்சுவர், கிழக்கே நடைபாதை முடுக்கு, தெற்கே தெரு. அளவைக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். வங்கிப் பொறியாளர் டேப் பிடித்து அளந்தால் பத்திரத்தில் 1,200 சதுர அடி, சர்வே பதிவேட்டில் 1,140, தரையில் 1,150 என்று மூன்று கணக்கு வரும். இதைச் சரிசெய்ய பிழைத்திருத்தல் பத்திரம், மறு அளவை என்று கிளம்பினால் ஆவணி போய் ஐப்பசி வந்துவிடும். என் யோசனை, மூன்றில் குறைவான அளவுக்கே கிரயம் எழுதச் சம்மதியுங்கள். ஐம்பது அறுபது சதுர அடிக்கு விலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, ஆறு மாத வாடகையையும் வட்டியையும் விட மலிவு. பழைய பத்திரத்தில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்தால் பதற வேண்டாம். சில காலம் நம் மாவட்டத்துக்கு அதுதான் பெயர். பதிவுத் துறைக்கும் வங்கிக்கும் அது தெரியும்.

இனி துபாய் கொழுந்தனார். உங்கள் விஷயத்தில் அதிக நாள் பிடிக்கப் போவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அவர் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட முடிந்தால் அதுதான் உத்தமம். முடியாது என்றால் உங்கள் கணவர் பெயருக்கு பவர், அதாவது தனக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் கொடுக்கிற பத்திரம், எழுதி, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். பவரின் வாசகத்தை இங்கே உங்கள் பத்திர எழுத்தரோ வக்கீலோ எழுதட்டும். அதை வங்கி வக்கீலிடம் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு துபாய்க்கு அனுப்புங்கள். அங்கே யாரோ தட்டச்சு செய்து கொடுக்கிற பொதுவான பவரில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் இருக்காது. விற்கவும், பத்திரத்தில் கையெழுத்திடவும், சார்பதிவாளர் முன் ஆஜராகவும் அதிகாரம் கொடுத்ததாகத் தெளிவாக இருக்காது. அப்படி ஒரு பவர் வந்து சேர்ந்து, வங்கி அதை ஏற்காமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். அனுபவப்பட்ட பத்திர எழுத்தர்களுக்கு இந்த வாசகம் அத்துப்படி.

பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சி கூரியர் உறைதான், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். அதையும் கொழுந்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வரியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்கள் விற்கும்போது விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். வெளிநாட்டில் வசிக்கிறவரின் பங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. விலை எவ்வளவாக இருந்தாலும், அதைவிடப் பல மடங்கு கூடுதலாகப் பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். கிரயத்துக்கு முந்தின நாள் வாங்குபவரின் ஆடிட்டர் இதைச் சொல்லி, எல்லாரும் பதிவுக்கு வாங்கிய டோக்கனை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவது வழக்கமாக நடக்கிற கூத்து. இப்போதே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். கொழுந்தனாரின் பங்குப் பணம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாட்டில் வசிக்கிறவர்கள் இங்கே வைத்திருக்கிற வங்கிக் கணக்கு) போகட்டும், குடும்பத்துக்குள் பின்னால் பேச்சு வராது.

நாத்தனாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். போனில் வேண்டாம். பங்கு வாங்கிக்கொண்டு கிரயத்தில் கையெழுத்துப் போடுகிறாரா, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறாரா என்பதை அவரே மனமுவந்து சொல்லட்டும். அவருக்கு உரியது அவருக்கு என்ற நினைப்போடு போனால் இது ஒரு நாள் வேலை.

சரி, விற்கிற பக்கம் எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கணக்கு இப்போது வந்துவிடும். அடுத்தது பெருமாள்புரத்து வீட்டுக்காரர். ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆடி 10க்கு மூன்று வாரமோ நான்கு வாரமோ இருக்கும். யோசித்துப் பாருங்கள், ஆடியில் அவருக்கு வேறு யார் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்கள்? நம் பக்கம் ஆடிப்பெருக்கைத் தவிர்த்து அந்த மாதத்தில் வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டார்கள். உங்களை விட்டால் அவர் ஆவணி வரை காத்திருந்துதான் புது ஆளைத் தேட வேண்டும். ஆகவே ஆவணி முகூர்த்த நாள் வரை கெடுவை நீட்டிக் கேட்பது அவருக்கும் நஷ்டமில்லாத காரியம். பயந்துகொண்டே கேட்காமல் இதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். அவருக்குப் பணம் எதற்கு அவசரம் என்பதையும் விசாரியுங்கள். மகள் கல்யாணமா, வேறு கடனா என்று தெரிந்தால், மொத்தத்தில் ஒரு பகுதியை முன்னால் கொடுத்தே அவரை அமைதிப்படுத்தலாம்.

அவர் சரி என்று தலையாட்டினால் அது போதாது. பழைய அக்ரிமெண்டைப் போலவே இரு தரப்பும் கையெழுத்திட்ட நீட்டிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமெண்டைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். நீட்டிப்பையும் பதிவு செய்துவிடுவது நல்லது. வெறும் தேதியை மட்டும் எழுதாதீர்கள். "வாங்குபவர் தமது டவுன் வீட்டின் கிரயத் தொகையைப் பெற்ற நாளிலிருந்து 15 நாட்களுக்குள், எப்படியாயினும் இன்ன தேதிக்குள், கிரயம் முடித்துக்கொள்வது" என்ற மாதிரி எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசித் தேதியை ஆவணிக் கடைசி என்று கேட்டுப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசி தாண்டி மார்கழி வந்தால் மறுபடி ஒரு மாதம் எல்லாம் நின்றுபோகும். நீட்டித்த தேதிக்குள் முடியாவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு கழித்துக்கொள்வார், மீதியை எத்தனை நாளில் தருவார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இடையில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு உயர்ந்தால் கூடுதல் செலவு வாங்குபவரான உங்களுக்குத்தான். 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் ஏறின மதிப்புக்குக் கட்ட வேண்டிவரும்.

ஒருவேளை அவர் நீட்டிக்க மறுத்தால், கெடு முடிவதற்கு முன்பே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். நாங்கள் வாங்கத் தயாராக இருக்கிறோம், பணம் இன்ன வழியில் வருகிறது, இவ்வளவு அவகாசம் வேண்டும் என்று. வீட்டுக் கிரயத்தில் கெடு தாண்டிய உடனே ஒப்பந்தம் செத்துவிட்டதாகக் கோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் தொடர்ந்து தயாராக இருந்தீர்களா என்றுதான் பார்க்கும். முழு அட்வான்ஸும் அவருக்கே என்பதும் அவ்வளவு சுலபமில்லை, நியாயமான நஷ்டஈடு எவ்வளவு என்ற கேள்வி வரும். ஆனால் இந்தச் சட்ட பலத்தை நம்பி வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டை கோர்ட்டில் வருஷங்கள் ஓடும். பேசித் தீர்க்கிற மேஜையில் உங்கள் கை தாழாமல் இருக்கத்தான் அந்தக் கடிதம்.

அவர் பக்கத்துத் தாமதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் மேல் வீட்டுக் கடன் இருந்தால் மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும். கடனை அடைத்த 30 நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. பணம் கட்டியவுடன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாததால் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கும். உங்கள் கிரய நாளுக்கு முன் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

இடைவெளிக்குப் பணம் தேவைப்பட்டால் சில வங்கிகளில் பழைய வீடு விற்கும் வரைக்கான இடைக்காலக் கடன் உண்டு. நகைக் கடனும் இருக்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டால் வீட்டை விட்டுவிடுங்கள்; தெரிந்தவர் மூலமாக வட்டிக்கு வாங்கி அட்வான்ஸைக் காப்பாற்றப் போகாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே சட்டம் வந்தும், 2017 அக்டோபரில் நம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீக்கு இரையானதை இந்த ஊர் மறக்கவில்லை. எந்த வீட்டுக்கும் அந்த விலை கிடையாது.

வருமான வரிக்காக அவசரப்படுகிறீர்கள் என்றால், அந்தக் கவலை வேண்டாம். பழைய வீடு விற்ற லாபத்துக்கு விலக்கு கேட்க, விற்ற நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. விற்பதற்கு ஒரு வருஷம் முன்பே வாங்கியிருந்தாலும் செல்லும். வரிக் கணக்கு தாக்கல் செய்கிற கடைசி நாளுக்குள் புது வீட்டுக்குப் போகாத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். விலக்கு கேட்பது உங்கள் கணவர் என்பதால் புது வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். அப்புறம், கொடுக்கல் வாங்கல் எல்லாமே வங்கி வழியாக. வீட்டு அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விழலாம்.

கடைசியாக, வாங்குகிற வீட்டை விட்டுவிடலாமா என்றும் உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொழுந்தனாரின் பவர் ஆடிக் கடைசிக்குள் முத்திரையாகி வங்கிக்குப் போய்விட்டால் விடாதீர்கள். அதற்குள் பவர் துபாயிலேயே இருந்தால், நீட்டிப்பில் எழுதிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லி நீங்களே முதலில் பேசுங்கள். தாமதமாகப் பேசப் பேச அவர் கழிக்கிற தொகை கூடும். அக்ரிமெண்ட் பதிவாகியிருந்தால் அவருக்கு உங்கள் கையெழுத்திட்ட ரத்து ஆவணம் தேவைப்படும், இல்லாமல் அவரால் வேறு யாருக்கும் சுலபமாக விற்க முடியாது. உங்கள் கையில் இருக்கிற பிடி அது ஒன்றுதான். மீதிப் பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.