பெரிய எழுத்துப் புத்தகங்களும் திண்ணை வாசிப்பும்

எழுத்தறிவு மிகச் சிலருக்கே இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் எளிய தமிழ் மக்கள் எதை, எப்படி வாசித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காதால் வாசித்தார்கள் என்பதே பொருத்தமான விடை. 1835-இல் அச்சகம் நடத்துவதற்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்ற கதைப்பாடல்கள் மலிவான தாளில், பருத்த எழுத்தில் அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. மங்கிய விளக்கொளியிலும் எழுத்துக்கூட்டிப் படிக்க உதவிய அந்தப் பருத்த எழுத்தே இவற்றுக்குப் ‘பெரிய எழுத்து’ என்ற பெயரைத் தந்தது. மாலையில், படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து இராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருந்தோர் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தனர். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து வந்த சிறு பாட்டுப் புத்தகங்கள் கொலை, வெள்ளம், ரயில் விபத்து ஆகியவற்றைச் சுடச்சுடச் சொல்லின. செய்தித்தாள் எட்டாத வீடுகளுக்கு அவையே செய்தித்தாளாக இருந்தன. இப்படிக் காதால் கேட்டவர்களையும் வாசகர்களாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.