விகிதாசாரச் செலவுத்தொகை: குமாஸ்தாவின் கணக்கு

கேள்வி: வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓராண்டாகிறது. 3 லட்ச ரூபாய் புரோநோட்டு வழக்கொன்றில், 2 லட்சம் மட்டுமே கைமாறியது என்று முடிவு செய்த நீதிமன்றம், அந்த அளவுக்கு விகிதாசாரச் செலவுத்தொகையுடன் (வென்ற பங்குக்கு ஏற்ப எதிர்த்தரப்பு தர வேண்டிய வழக்குச் செலவு) டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, வழங்கியுள்ளது. டிக்ரித் தொகையை வசூலிக்கும் நிறைவேற்று மனுவுக்காக நான் போட்ட கணக்கில் 3,29,800 ரூபாய் வருகிறது. எங்கள் மூத்த குமாஸ்தாவுக்கு 3,32,800 வருகிறது. பள்ளியில் நான் கணக்கில் சுமார்தான். யாருடைய கணக்கு சரி? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கணக்குதான் சரி. இந்த வேலைக்கு எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை. எந்த வீதத்தை எந்தத் தொகையின் மீது போடுவது என்பதில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய விவரங்களின்படி, நோட்டில் ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று எழுதப்பட்டிருக்கிறது. 10.6.2019 முதல் வழக்குத் தாக்கலான 10.3.2022 வரை 33 மாதங்கள். 3 லட்சத்துக்கு மாதம் 3,000 வீதம் 99,000 ரூபாய் வட்டி. எனவே வழக்கின் மதிப்பு 3,99,000. அதற்கு 3 சதவீத நீதிமன்றக் கட்டணமாக 11,970 ரூபாய் செலுத்தியிருக்கிறீர்கள். (2017இல் குறைக்கப்படுவதற்கு முன் தமிழ்நாட்டில் இது 7.5 சதவீதமாக இருந்தது. பழைய வழக்குக் கட்டுகளைக் கையாளும்போது இன்றைய வீதத்தைப் போட்டுப் பார்க்காமல், பிராதில் (வழக்கு மனுவில்) உண்மையில் ஒட்டிய முத்திரையைப் பார்த்தே எழுதுங்கள்.) நீதிமன்றம் ஏற்றது 2 லட்சமும் அதற்கான 66,000 ரூபாய் வட்டியும், ஆக 2,66,000. கேட்டதில் இது மிகச் சரியாக மூன்றில் இரண்டு பங்கு.

வக்காலத்து முத்திரை, சம்மன் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்), சாட்சிப் படி, விதிப்படியான வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9,030 என்கிறீர்கள். நீதிமன்றக் கட்டணத்தோடு மொத்தம் 21,000. அதில் மூன்றில் இரண்டு பங்கு 14,000. நீதிமன்றக் கட்டணத்தை மட்டும் வேறு வழியில் சரிபார்க்கலாம்: 2,66,000க்கு 3 சதவீதம் 7,980, 11,970இல் மூன்றில் இரண்டு பங்கும் 7,980தான். எல்லாத் தொகைக்கும் ஒரே வீதம் என்பதால் இரு வழியும் ஒரே விடையைத் தருகின்றன. தொகைக்குத் தொகை வீதம் மாறும் இனங்களில் இந்தக் குறுக்கு வழி செல்லாது. தோற்ற பங்குக்குப் பிரதிவாதிக்கும் செலவுத்தொகை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று டிக்ரியில் பாருங்கள். இருந்து, ஈடுகட்ட நீதிமன்றம் அனுமதித்திருந்தால், அதைக் கழித்த பிறகே உங்கள் எண் நிற்கும்.

இனி உங்கள் இருவர் கணக்குக்கும் இடையிலுள்ள அந்த 3,000 ரூபாய் வித்தியாசத்துக்கு வருவோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வட்டியை மூன்று காலமாகப் பிரிக்கிறது. வழக்குக்கு முந்தைய வட்டி நோட்டின்படி, மேலே கண்ட 66,000. வழக்கு நடந்த காலத்துக்கு நீதிமன்றம் நியாயமெனக் கருதும் வீதம். உங்கள் வழக்கில் அது 9 சதவீதம் என்பதால், டிக்ரி தேதியான 10.9.2024 வரை இரண்டரை ஆண்டுக்கு 2 லட்சத்தின் மீது 45,000. டிக்ரிக்குப் பின் 6 சதவீதம், அதுவும் அசலின் மீது மட்டுமே. வணிகப் பரிவர்த்தனை என்றால் வீதம் உயரலாம்; வங்கிக் கடன்களில் வட்டி முறைப்படி அசலோடு சேர்க்கப்பட்டிருந்தால் அசலே மாறும். உங்கள் தனி வட்டி நோட்டுக்கு இவை இரண்டும் பொருந்தா. எனவே, 3.2.2025 வரையான 146 நாட்களுக்கு, ஆண்டுக்கு 12,000 என்ற கணக்கில், 12,000 × 146 ÷ 365 = 4,800. மூத்தவர் 2,66,000, 45,000, 14,000 மூன்றையும் கூட்டி, 3,25,000 மீது 6 சதவீதம் போட்டிருக்கிறார். அதனால்தான் அவருக்கு 4,800க்குப் பதில் 7,800 வந்தது. செலவுத்தொகைக்கு வட்டி வழங்க இடமளித்த 35ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு 1956ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போனால் இன்னும் நல்லது.

கட்சிக்காரர், “வக்கீலுக்குக் கொடுத்த முழுப் பணமும் எங்கே?” என்று கேட்பார். கேட்காத கட்சிக்காரரை நான் கண்டதில்லை. சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் உண்மையான வழக்கறிஞர் கட்டணமாக வழங்கிய 45,28,000 ரூபாயை, விதிகள் அனுமதிக்கும் அளவைத் தாண்டியது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கொடுத்த பணம் வேறு, எதிர்த்தரப்பிடம் வசூலிக்கக்கூடிய பணம் வேறு என்பதை வழக்குப் போடும் முன்பே அவர்களுக்கு விளக்கிவிடுவது அலுவலகத்தின் கடமை.

எதிர்த்தரப்பு இடையில் ஒரு பகுதியைக் கட்டினால், டிக்ரி வேறு விதமாகச் சொல்லாதவரை, அது முதலில் வட்டிக்கும் செலவுத்தொகைக்கும் போய், மிச்சமே அசலில் கழியும். அன்றிலிருந்து நாள் வட்டியும் மாறும். ஆகவே வரவு வந்த ஒவ்வொரு தேதியிலும் கணக்கை நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள். டிக்ரியிலேயே கூட்டல் பிழை இருந்தால், நிறைவேற்று மனுவில் உங்கள் கணக்கை எழுதித் திருத்திக்கொள்ள முடியாது. 152ஆம் பிரிவின் கீழ் டிக்ரி வழங்கிய நீதிமன்றத்திலேயே திருத்த மனு போட வேண்டும், அதற்குக் காலவரம்பு இல்லை.